பூஞ்சை அலர்ஜியும் ஈஸ்ட்டில் தயாராகும் அலர்ஜெனும்: நம்ம பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உயிர்த்தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவன் இல்லை. ஆனால் ஐப்பசி பிறந்து ஓதம் ஏறத் தொடங்கினால் போதும், தெரிந்தவர்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதில் எம்6 என்று போட்டிருக்கே, என்ன சார்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மாணவர்கள் கேட்பது வேறு: "பூஞ்சையின் புரதத்தை ஏன் சார் ஈஸ்ட்டில் போய்ச் செய்யணும்?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கே சேர்த்தே எழுதிவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் கறுப்பாகப் பூத்திருக்கிறதே, தாளில் இருப்பதும் அதே பூஞ்சைதானா?

பெரும்பாலும் இல்லை. ஓதம் காத்த சுவரில் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் என்று ஒரு கூட்டமே குடியிருக்கும். எம்6 என்பது ஆல்டர்னேரியா ஆல்டர்னேட்டா. அது முக்கியமாக வெளியே வாழ்வது. காய்ந்த இலை, பயிர்த் தாள், வைக்கோல் இவற்றில் வளர்ந்து, வெயிலும் காற்றும் உள்ள பகல் நேரத்தில் வித்துகளைப் பறக்கவிடும். எம்3 என்று இருந்தால் அது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ்.

இரண்டின் வித்துக்கும் அளவிலேயே பெரிய வித்தியாசம். ஆஸ்பர்ஜில்லஸ் வித்து 2 முதல் 3 மைக்ரான் வரைதான். நுரையீரலின் அடிவரை போய்விடும். ஆல்டர்னேரியா வித்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் கதாயுதம் மாதிரி குறுக்கும் நெடுக்கும் தடுப்போடு இருக்கும். 20 மைக்ரானுக்கு மேல். மூக்கிலும் மேல் சுவாசக் குழாயிலும்தான் அதிகம் தங்கும். ஆனாலும் ஆல்டர்னேரியா அலர்ஜி சாதாரணமானது என்று நினைக்கக் கூடாது. இளவயது ஆஸ்துமாக்காரர்களுக்குத் திடீரென்று மூச்சு நின்றுபோகும் அளவுக்கு வந்த தாக்குதல்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக அமெரிக்காவில் 1991-லேயே எழுதியிருக்கிறார்கள்.

பூஞ்சைச் சாற்றை வைத்துத்தான் காலங்காலமாக டெஸ்ட் செய்கிறார்களே, அதில் என்ன குறை?

குறை பூஞ்சையிடமே இருக்கிறது. பூஞ்சையை ஊறலில் வளர்த்து, அரைத்து, வடிகட்டி எடுப்பதுதான் சாறு. அதில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கும். அலர்ஜி உண்டாக்குபவை சில, அவைதான் அலர்ஜென். மீதி சும்மா கூட வருபவை. எந்த வகையை வளர்த்தார்கள், எத்தனை நாள் வளர்த்தார்கள், வித்தை எடுத்தார்களா இழையை எடுத்தார்களா என்பதைப் பொறுத்து முக்கியமான புரதத்தின் அளவு ஏறும், இறங்கும். ஒரு கம்பெனியின் சாற்றில் நிறைய இருப்பது இன்னொன்றில் பெயருக்குத்தான் இருக்கும். அதே கம்பெனியின் அடுத்த பாட்டிலிலேயே மாறலாம்.

அதைவிட மோசம், பூஞ்சைக்குப் புரதத்தை வெட்டும் நொதிகள் அதிகம். பாட்டிலுக்குள்ளேயே கூட இருக்கும் புரதத்தை வெட்டிக்கொண்டிருக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தாலும் நாளாக ஆகச் சாற்றின் வீரியம் குறைவதற்கு இது ஒரு காரணம்.

சொதி விருந்து சாப்பிட்டு ஒருவருக்கு உடம்பு தடித்துப்போனால், "விருந்து ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தேங்காய்ப்பாலா, இஞ்சிப் பச்சடியா, என்ன காரணம் என்று பார்க்க வேண்டும். சாற்று டெஸ்ட் "விருந்து" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. தனிப் புரதத்தை வைத்துச் செய்யும் டெஸ்ட் அடுத்த கேள்வியையும் கேட்கிறது.

ஆல்ட் ஏ 1, ஆஸ்ப் எஃப் 1 என்றெல்லாம் ஏன் பெயர்?

அறிவியல் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் சொல்லிலிருந்து மூன்று எழுத்து, இரண்டாவதிலிருந்து ஒன்று, அப்புறம் ஒரு எண். ஆல்டர்னேரியாவின் முதல் அலர்ஜென் ஆல்ட் ஏ 1. அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆல்ட் ஏ 1 சாமானியமானது இல்லை. ஆல்டர்னேரியா அலர்ஜி உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவர்களின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஐஜிஇ, அதாவது அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்பொருள், இருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸிலோ பெனிசிலியத்திலோ இந்தப் புரதம் கிடையாது. ஆல்டர்னேரியாவிலும் அதன் நெருங்கிய சொந்தங்களிலும் மட்டும்தான். ஒரு புரதத்தைக் காட்டி "குற்றவாளி இந்தக் குடும்பம்தான்" என்று சொல்ல முடிவது பூஞ்சை விஷயத்தில் அபூர்வம்.

சரி, பூஞ்சைப் புரதத்தை ஏன் ஈஸ்ட்டில் செய்ய வேண்டும்? பாக்டீரியாவில் மலிவாகச் செய்யலாமே?

செய்யலாம், செய்கிறார்கள். ஈ. கோலை பாக்டீரியாவில் ஜீனை ஏற்றினால் ஒரே ராத்திரியில் புரதம் கிடைக்கும். சிக்கல் இரண்டு. ஒன்று, ஆல்ட் ஏ 1 மாதிரியான புரதங்களில் கந்தகப் பிணைப்புகள் சரியான இடத்தில் விழுந்தால்தான் சரியான வடிவம் வரும். பாக்டீரியாவின் உள்ளே அந்தச் சூழல் இல்லை. புரதம் உருண்டு திரண்டு பயனில்லாத கட்டியாகச் சேர்ந்துவிடும். அதைக் கரைத்து மறுபடி மடிக்க வைப்பது தனிப்பாடு. ஐஜிஇ பல நேரம் புரதத்தின் மடிந்த வடிவத்தைத்தான் அடையாளம் காணும். வடிவம் தப்பினால் அலர்ஜி இருப்பவருக்கும் "இல்லை" என்று வரும். இரண்டாவது, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் என்ற நச்சு. அது துளி மிஞ்சினாலும் தோலில் குத்தும்போதும் ஊசியாகப் போடும்போதும் வேறு விளைவு கிளம்பும்.

ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான், பூஞ்சைப் புரதத்துக்கு அது பங்காளி வீடு. மடித்து, பிணைப்புப் போட்டு, செல்லுக்கு வெளியே ஊறலிலேயே கொண்டுவந்து விட்டுவிடும். எண்டோடாக்ஸின் தொல்லையும் இல்லை.

இதற்கு அதிகம் பயன்படுவது பேக்கரி ஈஸ்ட் அல்ல, பிக்கியா பாஸ்டோரிஸ். இப்போது கோமகடெல்லா ஃபாஃபி என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் ஆய்வகத்தில் யாரும் பிக்கியா என்ற பெயரை விடவில்லை. இதன் கதை சுவையானது. 1970-களில் பிலிப்ஸ் பெட்ரோலியம் என்ற எண்ணெய்க் கம்பெனி, மெத்தனாலைத் தின்று வளரும் இந்த ஈஸ்ட்டைக் கால்நடைத் தீவனமாக விற்கலாம் என்று கணக்குப் போட்டது. எண்ணெய் விலை எகிறியதும் கணக்குத் தப்பியது, சோயா மலிவாகிவிட்டது. தீவனமாகத் தோற்றது மருந்துக்கு வந்து பிழைத்துக்கொண்டது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் கொண்டுவந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிக்கியாவில் செய்ததுதான். பெங்களூரு பயோகான் 2004-ல் கொண்டுவந்த இன்சுலினும் அப்படித்தான். ஆக, இது நம் நாட்டுக்குப் புதிய ஈஸ்ட் இல்லை.

பிக்கியா மட்டும்தான் என்றும் இல்லை. ஆல்ட் ஏ 1-ஐ யாரோவியா லிப்போலிட்டிக்கா என்ற இன்னொரு ஈஸ்ட்டில் செய்து 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் எப்படிச் செய்வார்கள்? (எம்.எஸ்சி. மாணவர் கேட்டது)

பூஞ்சையின் ஜீனை அப்படியே எடுத்துப் போட முடியாது. நடுநடுவே தேவையில்லாத துண்டுகள் இருக்கும். அதனால் அதன் ஆர்என்ஏவிலிருந்து படி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈஸ்ட்டுக்கு ஏற்ற எழுத்துநடையில் ஜீனைச் செயற்கையாகச் செய்து வாங்க வேண்டும். இப்போது பலரும் வாங்கத்தான் செய்கிறார்கள். அதை பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில், ஏஓஎக்ஸ்1 என்ற விசைக்குப் பின்னால் வைப்பார்கள். முன்னால் "இதை வெளியே அனுப்பு" என்று சொல்லும் ஆல்ஃபா ஃபேக்டர் முகவரித்துண்டு. பிளாஸ்மிட்டை நொதியால் வெட்டி நீளமாக்கி, மின் அதிர்ச்சி கொடுத்து ஈஸ்ட்டுக்குள் ஏற்றினால் அது ஈஸ்ட்டின் குரோமோசோமிலேயே போய் உட்கார்ந்துவிடும். ஜீன் ஏறாத ஈஸ்ட்டைக் கொல்லும் ஜியோசின் போட்ட தட்டில் பிழைப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் வேலையே. முதலில் கிளிசரால் கொடுத்து 28 முதல் 30 டிகிரி வரை வைத்து வளர்க்க வேண்டும். கிளிசரால் இருக்கும்வரை ஏஓஎக்ஸ்1 விசை மூடியே இருக்கும்; ஈஸ்ட் பெருகும், புரதம் செய்யாது. ஊறல் கெட்டியானதும் செல்லை வடித்து மெத்தனால் ஊறலுக்கு மாற்றினால் விசை திறக்கும். பிளாஸ்க்கில் செய்தால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை விழுக்காடு மெத்தனால் சேர்க்க வேண்டும். ஆவியாகியும் போகும், ஈஸ்ட் தின்றும் தீர்க்கும். கூடினால் ஈஸ்ட்டே செத்துவிடும். இதற்குக் காற்றோட்டம் மிக முக்கியம். நம்ம ஊர் மின்வெட்டில் ஷேக்கர் அரைமணி நேரம் நின்றாலும் அன்றைய விளைச்சலில் தெரியும். யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை மட்டும் மாட்டிவிட்டு ஷேக்கரை விட்டுவிடும் ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன், முன்னுரிமை தலைகீழ்.

தினமும் கொஞ்சம் ஊறலை எடுத்துச் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை, புரதங்களை எடைவாரியாகக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆல்ட் ஏ 1 என்றால் ஒரு சின்னச் சோதனை அழகானது. பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலைச் சேர்க்காமல் ஓட்டினால் கோடு 30 கிலோடால்டன் (புரதத்தின் எடைக் கணக்கு) பக்கம் நிற்கும். சேர்த்து ஓட்டினால் 15, 16 பக்கம் இறங்கும். இரண்டு துண்டு ஜோடி சேர்ந்து பிணைந்திருக்கிறது என்று அர்த்தம். பூஞ்சையிலும் அது அப்படித்தான் இருக்கிறது. கோடு பரவலாக, மேல்நோக்கி இழுவிக்கொண்டு தெரிந்தால் ஈஸ்ட் தன் பங்குக்குச் சர்க்கரையை ஒட்டிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

சர்க்கரை ஒட்டினால் என்ன?

ஈஸ்ட் தன் வழியாக வெளியேறும் புரதங்களில் மேனோஸ் சர்க்கரையைச் சங்கிலியாக மாட்டும் பழக்கம் உள்ளது. பேக்கரி ஈஸ்ட்டோடு ஒப்பிட்டால் பிக்கியா கொஞ்சம் அடக்கம், ஆனாலும் மாட்டும். சிலருக்கு, குறிப்பாகத் தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு, ஈஸ்ட்டின் மேனோஸ் சங்கிலிக்கே ஐஜிஇ இருக்கும். அவர்களின் ரத்தம் பூஞ்சைப் புரதத்துக்காக இல்லாமல் சர்க்கரைக்காக ஒட்டிக்கொண்டால் பொய்யான "ஆம்" வந்துவிடும். அதனால் சர்க்கரை மாட்டும் இடத்தை ஜீனிலேயே ஒரு எழுத்து மாற்றி அடைத்துவிடுவார்கள், அல்லது நொதி போட்டுச் சர்க்கரையை வெட்டுவார்கள். இந்த வேலையைச் செய்யாமல் "ஈஸ்ட்டில் செய்தோம், தூய்மையானது" என்று மட்டும் எழுதியிருக்கும் ஆய்வறிக்கைகளை நான் பாதிதான் நம்புவேன்.

ஆஸ்ப் எஃப் 1 ஒரு நச்சு என்கிறார்களே, அதை எப்படி ஈஸ்ட்டில் வளர்ப்பார்கள்?

உண்மைதான். 18 கிலோடால்டன் அளவுள்ள இந்தப் புரதம் ரைபோசோமை ஒரே ஒரு இடத்தில் வெட்டும். செல் புரதம் செய்வதே நின்றுபோகும். ஈஸ்ட்டுக்கும் ரைபோசோம் உண்டு. ஆனால் செய்த கையோடு சவ்வுப் பைக்குள் அடைத்து வெளியே தள்ளிவிட்டால் ஈஸ்ட் தப்பிக்கலாம். இதே குடும்பத்தின் ஆல்ஃபா சார்சினைப் பிக்கியாவில் இப்படி வெளியேற்றி எடுத்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு என்றால் வெட்டும் இடத்தையே மாற்றி, பல் பிடுங்கிய வடிவத்தைச் செய்வது நல்லது. தோற்றம் அதேதான், நச்சு இருக்காது.

என் தாளில் எம்6 பாசிட்டிவ், எம்229 நெகட்டிவ். என்ன அர்த்தம்?

எம்6 ஆல்டர்னேரியாவின் முழுச் சாறு. எம்229 தனி ஆல்ட் ஏ 1, ரீகாம்பினன்ட், அதாவது ஜீனை வேறு உயிரியில் ஏற்றிச் செய்தது. 0.35-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்று போடுவார்கள்.

இரண்டும் பாசிட்டிவ் என்றால் ஆல்டர்னேரியா மேல் சந்தேகம் வலுவாகிறது. சாறு மட்டும் பாசிட்டிவ் என்றால், உங்கள் உடம்பு வேறு பூஞ்சைக்குப் பழகி, எல்லாப் பூஞ்சைக்கும் பொதுவான ஈனோலேஸ் போன்ற ஒரு புரதத்தால் இங்கேயும் பிடித்துக்கொண்டிருக்கலாம். சாறு நெகட்டிவ், தனிப் புரதம் பாசிட்டிவ் என்றும் வருவது உண்டு. அந்தச் சாற்றில் ஆல்ட் ஏ 1 போதாமல் இருந்திருக்கும்.

ஆஸ்பர்ஜில்லஸுக்கும் இதே மாதிரி தனிப் புரதங்கள் உண்டு: ஆஸ்ப் எஃப் 1, 2, 3, 4, 6. இதில் 4-க்கும் 6-க்கும் தனி மதிப்பு. நுரையீரலுக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் தங்கி உண்டாக்கும் ஏபிபிஏ நோயோடு அதிகம் சேர்ந்து வருபவை. ஆனால் ஆஸ்ப் எஃப் 6-ஐப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். நம் தோலில் வாழும் மலசேசியா ஈஸ்ட்டிலும் ஏறத்தாழ அதே புரதம் இருக்கிறது. பொடுகு, தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு அந்த வழியாகவும் பாசிட்டிவ் வரலாம்.

தாள் பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்று ஆகாது, அறிகுறியும் சேர வேண்டும். மொத்த ஐஜிஇ கூடுதலாக இருப்பதற்கு வயிற்றுப் புழுகூடக் காரணமாகலாம்.

எங்கள் சித்தப்பாவுக்கு டிபி மாத்திரை கொடுத்தும் இருமல் நிற்கவில்லை. இதுவாக இருக்குமோ?

இருக்கலாம். ஏபிபிஏ எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே நிழல் காட்டும், இந்தியாவில் டிபி என்று நினைத்து மருந்து கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பழைய ஆஸ்துமா, பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி, சளிச் சோதனையில் டிபி கிருமி இல்லை என்றால் நுரையீரல் மருத்துவரிடம் ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஇயும் மொத்த ஐஜிஇயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு மொத்த ஐஜிஇ 1000 தாண்ட வேண்டும் என்றிருந்தது. 2024-ல் சர்வதேச நிபுணர் குழு 500 என்று இறக்கிவிட்டது. டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வைக்கோல் படப்பைப் பிரித்த அன்று ராத்திரி காய்ச்சல், இருமல், மேல்வலி. அலர்ஜி டெஸ்டில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

அண்ணாச்சி, இது வேறு. கார் அறுவடையில் மழை பிடித்து நனைந்த வைக்கோலை அப்படியே படப்புப் போட்டால் உள்ளே வெந்து, வெப்பம் தாங்கும் நுண்ணுயிர்கள் பெருகும். அதைப் பிரிக்கும்போது கிளம்பும் தூசியை நிறைய மூச்சில் இழுத்தவர்களுக்கு 4 முதல் 8 மணி நேரம் கழித்து இப்படி வரும். இது ஐஜிஇ வேலை இல்லை. தோலில் குத்தினாலும் தெரியாது, ரீகாம்பினன்ட் அலர்ஜெனாலும் தெரியாது. மீண்டும் மீண்டும் வந்தால் நுரையீரல் தழும்பேறிவிடும். நுரையீரல் மருத்துவரிடம் "வைக்கோல் வேலை செய்த அன்று மட்டும் வருகிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள்.

ஈஸ்ட்டில் செய்த பூஞ்சை அலர்ஜெனை ஊசியாகப் போட்டுக் குணப்படுத்த முடியுமா? ஒருவர் "புதிய ரீகாம்பினன்ட் ஊசி" என்று பணம் கேட்கிறார்.

பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு ரீகாம்பினன்ட் பூஞ்சை அலர்ஜென் நிஜமாகவே பயன்பாட்டில் இருக்கிறது. சிகிச்சைக்கு அது இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

இப்போது கிடைப்பது சாற்று ஊசியும் நாக்கடிச் சொட்டும்தான். லெனர்ட் நூன் 1911-ல் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கிய முறையின் வாரிசு. கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, 3 முதல் 5 ஆண்டு வரை தொடர வேண்டும். பூஞ்சைகளில் ஆல்டர்னேரியாவுக்கும் கிளாடோஸ்போரியத்துக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. மற்றவற்றுக்கு மிகக் குறைவு.

நம்பிக்கை தரும் செய்தி இல்லாமல் இல்லை. ஆல்டர்னேரியாவிலிருந்தே பிரித்துத் தூய்மையாக்கிய ஆல்ட் ஏ 1-ஐ மட்டும் ஊசியாகப் போட்டு, மருந்தில்லாத போலி ஊசியோடு ஒப்பிட்ட ஸ்பெயின் ஆய்வு 2019-ல் வந்தது. அறிகுறியும் மருந்துத் தேவையும் குறைந்தன. முழுச் சாறு வேண்டாம், ஒரே புரதம் போதும் என்பதற்கு இது நல்ல சாட்சி. அந்த ஒரே புரதத்தை ஈஸ்ட்டில் செய்தால் ஒவ்வொரு பாட்டிலும் மைக்ரோகிராம் கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அடுத்த படி. ஐஜிஇ ஒட்டாத ஆல்ட் ஏ 1 துண்டுகளை ஒரு தாங்கிப் புரதத்தோடு இணைத்து, அலர்ஜியைக் கிளப்பாமல் காக்கும் எதிர்ப்பொருளை மட்டும் வரவைக்கும் முயற்சியும் 2012-ல் வெளியானது. அதெல்லாம் மருந்துக்கடைக்கு வரக் காலமாகும்.

சாற்று ஊசி போடுபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பாட்டிலில் பூஞ்சைச் சாற்றையும் மகரந்தச் சாற்றையும் ஒன்றாகக் கலந்திருந்தால் ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பூஞ்சை நொதி மகரந்தப் புரதத்தைத் தின்றுவிடும். ஊசி போட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் 30 நிமிடம் அங்கேயே இருங்கள். அட்ரினலின் தயாராக இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

பெனிசிலியம் பாசிட்டிவ். பெனிசிலின் ஊசி போடலாமா?

பூஞ்சையின் புரதத்துக்கு வரும் அலர்ஜி வேறு, மருந்துக்கு வரும் அலர்ஜி வேறு. இந்தத் தாளை மட்டும் வைத்துப் பெனிசிலினை ஒதுக்க வேண்டியதில்லை.

பன், ரொட்டி சாப்பிடலாமா?

பெரும்பாலானவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஈஸ்ட்டில் செய்த அலர்ஜென் டெஸ்டில் உயிருள்ள ஈஸ்ட்டும் கிடையாது.

தோலில் குத்தும் டெஸ்டுக்குப் போகுமுன் என்ன செய்ய வேண்டும்?

செட்ரிசின், அவில் மாதிரியான மாத்திரைகளை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு வாரம் சொல்வார்கள். சளி மருந்திலும் அது கலந்திருக்கும், பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. 15 நிமிடம் கழித்து 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பு வந்தால் பாசிட்டிவ். ஒப்பிடுவதற்காக, கட்டாயம் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் போட்ட இடமே தடிக்கவில்லை என்றால் மாத்திரை இன்னும் உடம்பில் இருக்கிறது. அன்றைய "நெகட்டிவ்" எதற்கும் உதவாது, இன்னொரு நாள் செய்யச் சொல்லுங்கள். இளைப்பு ஏறியிருக்கும் நாளில் போகவே வேண்டாம்.

இந்தப் புது ஊசியெல்லாம் வரும்வரை வீட்டில் என்ன செய்வது?

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில், வெள்ளையடித்த பிறகும் இடுப்பளவு உயரத்தில் பூசணம் திரும்பத் திரும்ப வந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே பெயின்ட் அடித்தால் அப்படித்தான். நனைந்த பொருளை 48 மணி நேரத்துக்குள் காயவைக்க முடிந்தால் பூஞ்சை பிடிப்பது வெகுவாகக் குறையும். பஞ்சு மெத்தை, தலையணை, ஊறிப்போன அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவதே மேல். ஒழுகும் குழாயையும் மாடித் தண்ணீர் தேங்குவதையும் முதலில் சரிசெய்யுங்கள். சுவரைக் காய்ந்த துடைப்பத்தால் தேய்க்க வேண்டாம், வித்தெல்லாம் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். துடைப்பது இளைப்புக்காரர் இல்லாத இன்னொருவராக இருக்கட்டும், அவரும் மூக்கை மூடிக்கொள்ளட்டும்.